கர்னல் மாட்யூல் ஒரு வெர்ஷன், லைப்ரரி இன்னொரு வெர்ஷன்: டெப் பேக்கேஜ்ல இதை எப்படிக் கட்டிப் போடுறது?

செல்வா_எம்பெடட்:

வணக்கம் மக்களே. நான் புதுசா சேர்ந்திருக்கிற கம்பெனி சின்னது, பிசிஐஇ டேட்டா அக்விசிஷன் கார்டு பண்றாங்க. லேப்ல சென்சார் சிக்னல வாங்கி கம்ப்யூட்டருக்கு அனுப்புற கார்டு. இதுக்கு எங்க சொந்த டிரைவர்தான் (கர்னலுக்குள்ள ஏத்துற ஒரு மாட்யூல்), மெயின்லைன்ல, அதாவது லினக்ஸோட அதிகாரபூர்வ கர்னல்ல, கிடையாது. கஸ்டமருக்கு மூணு டெப் ஃபைல் குடுக்குறோம், டிரைவர் சோர்ஸ் டிகேஎம்எஸ் (ஒவ்வொரு கர்னலுக்கும் மாட்யூல கஸ்டமர் மெஷின்லயே பில்டு பண்ற டூல்) பேக்கேஜா ஒண்ணு, ஷேர்டு லைப்ரரி ஒண்ணு, பின்னாடி ஓடிட்டே இருக்குற டீமன் ஒண்ணு. பெரும்பாலும் டெபியன் 12, உபுண்டு 22.04, ஒண்ணு ரெண்டு பேர் ஆர்எச்இஎல் 9.

இப்ப பிரச்சனை என்னன்னா 2.4ல இருந்து 2.5 வந்தப்ப லைப்ரரி மாட்யூலுக்கு அனுப்புற கான்ஃபிக் ஸ்ட்ரக்ட்ல ஒரு ஃபீல்டு சேர்த்திருக்காங்க. கஸ்டமர் மெஷின் ஓடிட்டிருக்கும்போதே ஏபிடி அப்கிரேடு குடுத்துடுறாரு, லைப்ரரி 2.5 ஆயிடுது, டீமன் தானா ரீஸ்டார்ட் ஆயிடுது, ஆனா மெமரில லோடு ஆகியிருக்குற மாட்யூல் இன்னும் பழைய 2.4தான், அதனால எந்த கால் போட்டாலும் "இனாப்ரோப்ரியேட் ஐஆக்டில் ஃபார் டிவைஸ்"னு எரர் (ஐஆக்டில்ங்கறது ப்ரோக்ராம் டிரைவருக்குக் கமாண்ட் அனுப்புற சிஸ்டம் கால்). ரீபூட் பண்ணா சரியாயிடுது. இன்னொரு இடத்துல ரீபூட் பண்ணியும் வரல, போய்ப் பாத்தா மாட்யூல் பில்டுக்கு வேணுங்குற கர்னல் ஹெடர்ஸே இல்ல, டிகேஎம்எஸ் பில்டே நடக்கல, ஆனா டிபிகேஜி லிஸ்ட்ல மூணு பேக்கேஜும் சூப்பரா இன்ஸ்டால் ஆயிருக்குன்னு காட்டுது!

கன்ட்ரோல் ஃபைல்ல இப்ப லைப்ரரி பேக்கேஜுக்கு டிபெண்ட்ஸ் லைன்ல டிகேஎம்எஸ் பேக்கேஜ் 2.5 அல்லது அதுக்கு மேலன்னு இருக்கு. எங்க சார் "ரெண்டும் அச்சு அசலா ஒரே வெர்ஷன்னு ஈக்வல் போட்டுடு, முடிஞ்சுது"ங்கறாரு. அது போதுமா? பெரிய டிரைவர்காரங்கல்லாம் எப்படிப் பண்றாங்க?


டெபியன்தாத்தா:

தம்பி, ஈக்வல் போட்டாலும் இதே எரர் வரும். டிபெண்ட்ஸ் லைனுக்கு டிஸ்க்ல என்ன இருக்குன்னு மட்டும்தான் தெரியும். உங்க லைப்ரரி பேசுறது டிஸ்க்ல இருக்குற .கேஓ மாட்யூல் ஃபைல் கூட இல்ல, மெமரில உக்காந்திருக்குற மாட்யூல் கூட. அது என்ன வெர்ஷன்னு ஏபிடி பாக்குறதே இல்ல, பாக்கவும் முடியாது. லைப்ரரிய மாத்துனா அடுத்த தடவை ப்ராசஸ் ஸ்டார்ட் ஆகும்போது புதுசு வந்துடும், மாட்யூல் அப்படி இல்ல, யாராவது இறக்கி ஏத்துனாதான் மாறும்.

என்விடியா டிரைவர் வச்சிருக்கவங்களுக்கு இது பழகின கதைதான். அவங்க பேக்கேஜ் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு இறுக்கிக் கட்டினதுதான், ஆனாலும் அன்அட்டெண்டட் அப்கிரேடு ராத்திரில லைப்ரரிய மாத்திடுச்சுன்னா காலைல என்விடியா-எஸ்எம்ஐ அடிச்சா "டிரைவர் லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச்"னு வரும். டிமெசேஜ்ல கர்னல் லாக் பாத்தா ஏபிஐ மிஸ்மேட்ச், கிளையன்ட் இந்த வெர்ஷன், கர்னல் மாட்யூல் அந்த வெர்ஷன்னு ரெண்டு நம்பரையும் போட்டுக் காட்டும். அந்த மெசேஜ் எனக்குப் பிடிக்கும், யார் பழசு யார் புதுசுன்னு பாத்தவுடனே தெரியுது. உங்க டிரைவர் சொல்ற "இனாப்ரோப்ரியேட் ஐஆக்டில்"ல கஸ்டமருக்கு என்ன புரியும் சொல்லுங்க.

டிகேஎம்எஸ் விஷயத்துல ஏமாறாதீங்க. அந்த பேக்கேஜ் இன்ஸ்டால் ஆச்சுன்னா சோர்ஸ் கோட் யூஎஸ்ஆர் எஸ்ஆர்சி ஃபோல்டருக்கு வந்துடுச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். ஹெடர்ஸ் இல்லன்னா போஸ்ட்இன்ஸ்டால் ஸ்க்ரிப்ட் "ஸ்கிப் பண்ணிட்டேன்"னு ஒரு வரி போட்டுட்டு அதுபாட்டுக்கு முடிஞ்சுடும், யாரு அந்த வரியப் படிக்கிறா. டெபியன்ல லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64, உபுண்டுல லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக், இந்த மெட்டாபேக்கேஜ இன்ஸ்டால் பண்ணச் சொல்லி டாக்குமென்ட்ல முதல் வரியா போடுங்க, அப்பதான் அடுத்தடுத்த கர்னல் வரும்போது ஹெடர்ஸும் கூடவே வரும். யூநேம் கமாண்ட்ல வர்ற நம்பர வச்சு அந்த ஒரு கர்னலோட ஹெடர்ஸ மட்டும் போடச் சொன்னா அடுத்த கர்னல் அப்டேட்ல மறுபடி இதே அழுகைதான்.

இன்னொண்ணு, உங்க மாட்யூல் இனிட்ராம்எஃப்எஸ்குள்ள (பூட் ஆகும்போது முதல்ல லோடு ஆகுற சின்ன ஃபைல்சிஸ்டம்) போகுதான்னு ஒரு தடவை பாத்துக்கோங்க. போகுதுன்னா டிஸ்க்ல 2.5 பில்டு ஆகி உக்காந்திருக்கும், பூட் ஆகும்போது இனிட்ராம்எஃப்எஸ்ல இருக்குற பழைய 2.4 முந்திக்கிட்டு லோடு ஆயிடும், ரீபூட் பண்ணியும் மாறலயேன்னு தலைய பிச்சுக்கணும். அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டினா சரியாயிடும்.


ரூட்பாண்டி:

தாத்தா சொல்றது எல்லாம் கரெக்ட்டுதான் ஆனா நான் உங்க சார் பக்கம். சின்ன டீம், டிரைவரும் உங்களுது லைப்ரரியும் உங்களுது, ரெண்டையும் ஒரே ரெப்போல இருந்து ஒரே நாள் ரிலீஸ் பண்றீங்க. அப்புறம் எதுக்கு பழைய மாட்யூலும் புது லைப்ரரியும் சேர்ந்து ஓடணும்னு கஷ்டப்படணும்? ஒரே வெர்ஷன் இல்லன்னா ஓடமாட்டேன்னு தெளிவா நின்னுடுங்க, டெஸ்ட் பண்ண வேண்டிய காம்பினேஷன் ஒண்ணே ஒண்ணுதான். என்விடியாவும் அதைத்தானே பண்றாங்க.

மெமரி மேட்டர போஸ்ட்இன்ஸ்டால் ஸ்க்ரிப்ட்ல பாத்துக்கலாம். மாட்யூல்ல மாட்யூல்_வெர்ஷன் மேக்ரோ ஒரு வரி போட்டுட்டீங்கன்னா லோடு ஆன மாட்யூலோட வெர்ஷன் சிஸ் ஃபோல்டர் உள்ள மாட்யூல், அதுக்குள்ள உங்க டிரைவர் பேரு, அதுல வெர்ஷன்ங்கற ஃபைல்ல வந்துடும், பக்கத்துலயே எஸ்ஆர்சிவெர்ஷன்னு சோர்ஸோட ஹேஷும் இருக்கும். டிஸ்க்ல இருக்குறத மோட்இன்ஃபோல கேளுங்க. ரெண்டு எஸ்ஆர்சிவெர்ஷனும் வேறன்னா பழசு ஓடிட்டிருக்குன்னு அர்த்தம். அதே ஃபோல்டர்ல ரெஃப்கவுண்ட்னு ஒரு ஃபைல் இருக்கும், அது சைபர்னா யாரும் யூஸ் பண்ணல, டீமன நிறுத்திட்டு மோட்ப்ரோப் மைனஸ் ஆர்னு மாட்யூல இறக்கி, திரும்ப மோட்ப்ரோப்னு ஏத்துங்க, முடிஞ்சுது. சைபர் இல்லன்னா கை வைக்காதீங்க, ரீபூட்-ரிக்வயர்டு ஃபைல உருவாக்கிட்டு மெசேஜ் போட்டுட்டு வெளிய வந்துடுங்க. கஸ்டமர் நாலு மணி நேரமா ரீடிங் எடுத்துட்டிருக்கும்போது நடுவுல டிரைவர உருவினீங்கன்னா அடிக்க வருவாரு.

டீமன் அப்கிரேடுல தானா ரீஸ்டார்ட் ஆகுறத மொதல்ல நிறுத்துங்க. டெப்ஹெல்ப்பர்ல அதுக்கு ஆப்ஷன் இருக்கு. பழைய டீமன் பழைய லைப்ரரிய மெமரில வச்சுக்கிட்டு பழைய மாட்யூலோட நிம்மதியா ஓடிட்டிருந்துச்சு, நீங்கதான் அதைக் கொன்னுட்டு புது லைப்ரரியோட எழுப்புறீங்க.


நிலா_பில்ட்:

பாண்டி அண்ணா, ஸ்க்ரிப்ட் ஐடியா ஓகே, ஆனா ஒரே வெர்ஷன் லாக்குக்கு நான் ஒத்துக்கமாட்டேன். லைப்ரரில ஒரு சின்ன பக் ஃபிக்ஸ் குடுக்கணும்னாக்கூட கஸ்டமர் மாட்யூல மாத்தணும், ரீபூட் பண்ணணும்னு ஆயிடுது. செக்யூர் பூட் ஆன்ல இருக்குற மெஷின்ல மாட்யூல் மாத்துறதுன்னா கையெழுத்துச் சாவி வேற சரியா என்ரோல் ஆகியிருக்கணும், இல்லன்னா "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்"னு வந்து நிக்கும். அப்புறம் கன்டெய்னர்: லைப்ரரி கன்டெய்னருக்குள்ள, மாட்யூல் ஹோஸ்ட்ல. கன்டெய்னருக்குள்ள இருக்குற ஏபிடிக்கு ஹோஸ்ட்ல என்ன மாட்யூல்னு எப்படித் தெரியும்? அங்க டிபெண்ட்ஸ்ல டிகேஎம்எஸ் பேக்கேஜ் போட்டீங்கன்னா கன்டெய்னருக்குள்ள கம்பைலர் முதற்கொண்டு எல்லாத்தையும் இழுத்துட்டு வரும், ஒரு பிரயோஜனமும் இல்ல.

செல்வா, வெர்ஷன பேக்கேஜ்ல கட்டுறத விட்டுட்டு இன்டர்ஃபேஸ்ல கட்டுங்க. கேவிஎம் (லினக்ஸ் கர்னல்ல இருக்குற விர்ச்சுவல் மெஷின் வசதி) எப்படிப் பண்ணியிருக்காங்கன்னு பாருங்க. 2007ல 2.6.20 கர்னல்ல உள்ள வந்துச்சு, 2.6.22ல இருந்து ஏபிஐய ஃப்ரீஸ் பண்ணிட்டாங்க. ஏபிஐ வெர்ஷன் என்னன்னு கேக்க ஒரு ஐஆக்டில் இருக்கு, அது 12ன்னு சொல்லும், இத்தனை வருஷமா அதே 12தான். 12 இல்லன்னா ஓடாதேன்னு டாக்குமென்ட்லயே எழுதியிருக்கு. புது வசதி எது வந்தாலும் இந்த நம்பர ஏத்தமாட்டாங்க, செக் எக்ஸ்டென்ஷன்னு இன்னொரு ஐஆக்டில் போட்டு "இது உனக்குத் தெரியுமா"ன்னு கேட்டுக்கணும். அதனாலதான் கேவிஎம்ம யூஸ் பண்ற க்யூஎமு எந்த வெர்ஷன், கர்னல் எந்த வெர்ஷன்னு நாம யாரும் கவலைப்படுறதே இல்ல.

உங்க எரர் ஏன் அப்படி வருதுன்னு தெரிஞ்சா வழியும் தெரிஞ்சுடும். ஐஆக்டில் நம்பர் 32 பிட். அதுல 8 பிட் கமாண்ட் நம்பர், 8 பிட் டைப், 14 பிட் ஸ்ட்ரக்டோட சைஸ், மிச்சம் 2 பிட் ரீடா ரைட்டான்னு. ஸ்ட்ரக்ட்ல ஒரு ஃபீல்டு சேர்த்தா சைஸ் மாறும், சைஸ் மாறினா ஐஆக்டில் நம்பரே மாறிடும், பழைய மாட்யூல் அந்த நம்பர கேள்வியே பட்டதில்ல, அதான் ஈ-நாட்-டிடிஒய் குடுக்குது. உங்களுக்கு இது நல்ல நேரம்னு வச்சுக்கோங்க. புது ஃபீல்டு ஏற்கெனவே இருந்த பேடிங்குக்குள்ள (ஃபீல்டுகளுக்கு நடுவுல கம்பைலர் விடுற காலி பைட்) உக்காந்திருந்தா சைஸ் மாறாது, நம்பரும் மாறாது, எரரே வராம குப்பை வேல்யூ உள்ள போயிருக்கும், கார்டு என்னவோ ஒரு ரீடிங் குடுக்கும், அதை நம்பி ஒருத்தர் ரிப்போர்ட் எழுதியிருப்பாரு. அதனால பேடிங்க ரிசர்வ்டுன்னு வெளிப்படையா டிக்ளேர் பண்ணி, அது சைபரா இல்லன்னா மாட்யூல் ஈஇன்வால் குடுக்குற மாதிரி இன்னைக்கே மாத்துங்க. அதே கையோட ஸ்ட்ரக்ட்ல வெறும் லாங், பாயிண்டர் இதெல்லாம் வேணாம், யூ32 யூ64ன்னு சைஸ் நிச்சயமானதா மட்டும் போடுங்க, 32 பிட் ப்ரோக்ராம் 64 பிட் கர்னல்ல ஓடும்போது உயிர வாங்கும்.

இனிமே வர்ற ஸ்ட்ரக்டுக்கெல்லாம் முதல் ஃபீல்டா சைஸ் வச்சுடுங்க. கர்னல் 5.4ல காபி ஸ்ட்ரக்ட் ஃப்ரம் யூசர்னு ஒரு ஹெல்ப்பர் வந்துச்சு, இதுக்குன்னே செஞ்சது. லைப்ரரி பழசா இருந்து சின்ன ஸ்ட்ரக்ட் அனுப்புனா மிச்சத்த சைபரால நிரப்பிக்கும். லைப்ரரி புதுசா இருந்து பெரிய ஸ்ட்ரக்ட் அனுப்புனா எக்ஸ்ட்ரா பைட் எல்லாம் சைபரான்னு பாக்கும், சைபர்னா ஏத்துக்கும், இல்லன்னா இ2பிக் எரர். அதாவது புது வசதிய யூஸ் பண்ணாத வரைக்கும் எந்த ஜோடியும் ஓடும், யூஸ் பண்ணா மட்டும் தெளிவா மாட்டேன்னு சொல்லும். டெபியன் 12ல கர்னல் 6.1, உபுண்டு 22.04ல 5.15, ஆர்எச்இஎல் 9ல 5.14, உங்க லிஸ்ட்ல இருக்குற மூணுலயும் இது இருக்கு.


டெபியன்தாத்தா:

நிலா சொல்றதுக்கு இசட்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் நல்ல சாட்சி. உபுண்டு 22.04ல இசட்எஃப்எஸ் வெர்ஷன்னு கமாண்ட் அடிச்சா ரெண்டு வரி வரும், முதல் வரி யூசர்லேண்டு (கமாண்ட், லைப்ரரி பக்கம்), ரெண்டாவது கேமோட் (கர்னல் மாட்யூல்). அந்த ரிலீஸ்ல யூசர்லேண்டு 2.1.5. எச்டபிள்யூஇ (பழைய உபுண்டு ரிலீஸுக்குக் குடுக்குற புது கர்னல்) கர்னல் 6.5 வந்தப்ப மாட்யூல் அந்த கர்னலோட சேர்ந்தே வந்ததால கேமோட் 2.2.0 ஆயிடுச்சு, யூசர்லேண்டு 2.1.5லயே நின்னுச்சு. அப்படியும் பூல் இம்போர்ட் ஆச்சு, ஸ்னாப்ஷாட் போச்சு. பாண்டி சொல்ற மாதிரி ஈக்வல் போட்டிருந்தா அந்த கர்னலையே இன்ஸ்டால் பண்ண முடிஞ்சிருக்காது.

செல்வா, உங்க டீமனுக்கும் அந்த ரெண்டு வரி வர்ற மாதிரி ஒரு ஆப்ஷன் வச்சுடுங்க. சப்போர்ட் ஃபோன்ல பாதி கேள்வி அதுலயே தீர்ந்துடும்.


ரூட்பாண்டி:

இசட்எஃப்எஸ்க்கு ஒரு பெரிய கம்யூனிட்டியே உக்காந்து டெஸ்ட் பண்ணுது தாத்தா. செல்வா கம்பெனில டிரைவர் எழுதுறதே ரெண்டு பேரா இருப்பாங்க. ஆறு பழைய வெர்ஷனோட கம்பாட்டிபிலிட்டிய யாரு டெஸ்ட் பண்ணுவா?

சரி அத விடுங்க, இன்னொரு பக்கம் யாருமே தொடல. மாட்யூலுக்கும் லைப்ரரிக்கும் நடுவுல இருக்குற சண்டையவிட மாட்யூலுக்கும் கர்னலுக்கும் நடுவுல இருக்குறதுதான் அடிக்கடி கடிக்கும். யூசர்ஸ்பேஸ உடைக்கமாட்டோம்னு கர்னல்காரங்க சொல்றது சிஸ்டம் கால் பக்கம் மட்டும்தான், உள்ள இருக்குற ஃபங்ஷனுக்கு எந்த வாக்குறுதியும் கிடையாது, இதை ஸ்டேபிள் ஏபிஐ நான்சென்ஸ்னு தலைப்பு போட்டு கர்னல் டாக்குமென்டேஷன்லயே வச்சிருக்காங்க. உதாரணத்துக்கு உங்க மாதிரி கேரக்டர் டிவைஸ் டிரைவர் எல்லாத்துலயும் இருக்குற கிளாஸ்_கிரியேட், அதுல திஸ்_மாட்யூல்ங்கற முதல் ஆர்குமென்ட் 6.4ல போயிடுச்சு. 6.3ல விஎம்_ஃபிளாக்ஸ நேரடியா மாத்த விடாம செட்டர் ஃபங்ஷன் கொண்டு வந்தாங்க, எம்மேப் சப்போர்ட் வச்சிருந்தா அதுவும் உடைஞ்சிருக்கும். டெபியன்ல 6.1 வரைக்கும் ஜம்முனு பில்டு ஆன டிரைவர் உபுண்டுகாரர் எச்டபிள்யூஇ கர்னலுக்குப் போனவுடனே படுத்துடும். டிகேஎம்எஸ் லாக் எங்கன்னா வார் லிப் டிகேஎம்எஸ் கீழ மேக்.லாக், அதை அனுப்பச் சொல்லுங்க.


நிலா_பில்ட்:

அதுல ஒரு பொறி இருக்கு அண்ணா. எல்லாரும் லினக்ஸ்_வெர்ஷன்_கோட் வச்சு 6.4க்கு மேலன்னா இப்படி, கீழன்னா அப்படின்னு இஃப்டெஃப் போடுவாங்க. ஆர்எச்இஎல் 9 நம்பர் 5.14ன்னுதான் காட்டும், ஆனா ரெட் ஹேட் புது கர்னல்ல இருந்து எத்தனையோ மாத்தங்கள பின்னாடி கொண்டு வந்து சேர்த்திருப்பாங்க, நம்பர நம்பினா பில்டு ஃபெயில் ஆகும். ஆர்எச்இஎல் ரிலீஸ் கோட்னு தனி மேக்ரோ இருக்கு, அதையும் சேர்த்துப் பாக்கலாம். இல்லன்னா ஓப்பன்இசட்எஃப்எஸ் பண்ற மாதிரி கான்ஃபிகர் நேரத்துல ஒரு சின்ன சி ஃபைல கம்பைல் பண்ணிப் பாத்து, இந்த ஃபங்ஷனுக்கு எத்தனை ஆர்குமென்ட்னு நேரடியா கண்டுபிடிக்கலாம். எனக்கு ரெண்டாவதுதான் பிடிச்சிருக்கு, நம்பர் பொய் சொல்லும், கம்பைலர் சொல்லாது.

ஆர்எச்இஎல் கஸ்டமருக்கு டிகேஎம்எஸ் வேணாம்னே சொல்வேன். அங்க கேஏபிஐ ஸ்டேபிள்லிஸ்ட்னு ஒண்ணு வச்சிருக்காங்க, அதுல இருக்குற சிம்பல மட்டும் யூஸ் பண்ணா, ஒரு தடவை பில்டு பண்ண கேமோட் ஆர்பிஎம் அதே மேஜர் ரிலீஸோட அடுத்த கர்னல்லயும் ஓடும், வீக்-மாட்யூல்ஸ் ஸ்க்ரிப்ட் சிம்லிங்க் போட்டுக்கும். ஆர்பிஎம்ல சிம்பலோட செக்சம் வரைக்கும் டிபெண்டன்சியா எழுதலாம், அந்த விஷயத்துல டெப் கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கு.

டெஸ்ட் பத்தி: ஆறு வெர்ஷன் வேணாம். முந்தைய ஒரே ஒரு வெர்ஷன் போதும். புது மாட்யூல் பழைய லைப்ரரி, பழைய மாட்யூல் புது லைப்ரரி, ரெண்டே காம்பினேஷன், க்யூஎமுல ஸ்க்ரிப்டா ஓட்டிடலாம். அதுக்கும் முன்னாடி போனா ரீபூட் பண்ணுன்னு லைப்ரரி சொல்லிடட்டும்.


செல்வா_எம்பெடட்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, சார் கிட்ட காட்டினேன், பேடிங் பத்தி படிச்சதும் மூஞ்சி மாறிடுச்சு, பழைய ஹெடர் ஃபைல எடுத்து வச்சு பாத்துட்டிருக்காரு. சந்தேகம் என்னன்னா சைஸ் ஃபீல்டு வைக்குறது இனிமே வர்றதுக்கு ஓகே, ஏற்கெனவே கஸ்டமர்கிட்ட ஓடிட்டிருக்குற 2.4 மாட்யூலுக்கு அது தெரியாதே, அங்க லைப்ரரி என்ன பண்றது? அப்புறம் கன்ட்ரோல் ஃபைல்ல கடைசில என்னதான் எழுதுறது?


நிலா_பில்ட்:

2.4க்கு சைஸ் தெரியாட்டியும் பரவால்ல, ஐஆக்டில் நம்பர் வேற வேறயா இருக்குறதே உங்களுக்கு உதவி. லைப்ரரி முதல்ல புது நம்பர ட்ரை பண்ணட்டும், ஈ-நாட்-டிடிஒய் வந்தா பழைய ஸ்ட்ரக்ட நிரப்பி பழைய நம்பர்ல கூப்பிடட்டும். புது ஃபீல்ட யூசர் கேட்டிருந்தா மட்டும் "இதுக்கு டிரைவர் 2.5 லோடு ஆகணும், இப்ப மெமரில இருக்குறது 2.4, ரீபூட் பண்ணுங்க"ன்னு ரெண்டு நம்பரையும் போட்டு எரர் குடுங்க. அதே மாதிரி 2.5 மாட்யூல் பழைய நம்பரையும் ஸ்விட்ச் கேஸ்ல வச்சிருக்கணும், அத தூக்கிடாதீங்க, பத்து வரி கோடுதான். பழைய ஸ்ட்ரக்ட ஹெடர்ல அண்டர்ஸ்கோர் வி1னு பேரு மாத்தி வச்சுக்கோங்க.

கன்ட்ரோல் ஃபைலுக்கு லைப்ரரில டிபெண்ட்ஸ எடுத்துட்டு ரெக்கமெண்ட்ஸ்ல டிகேஎம்எஸ் பேக்கேஜ் போடுங்க, சாதாரண மெஷின்ல தானா வந்துடும், கன்டெய்னர்ல ரெக்கமெண்ட்ஸ் இல்லாம இன்ஸ்டால் பண்ணிக்கலாம். டெபியன்ல இசட்எஃப்எஸ் யூட்டிலிட்டி பேக்கேஜும் மாட்யூல ரெக்கமெண்ட்ஸ்லதான் வச்சிருக்கு. டிகேஎம்எஸ் பேக்கேஜ்ல ப்ரொவைட்ஸ்னு போட்டு உங்க கார்டு பேரு, மாட்யூல்ஸ்னு ஒரு விர்ச்சுவல் பேரு குடுத்துட்டு, ரெக்கமெண்ட்ஸ்ல அந்தப் பேரையும் ஒரு ஆப்ஷனா சேர்த்துடுங்க, நாளைக்கு யாராவது முன்கூட்டியே பில்டு பண்ண மாட்யூல் பேக்கேஜ் குடுத்தாலும் ஒத்துப்போகும். எந்த பழைய லைப்ரரி வெர்ஷனோட புது மாட்யூல் நிஜமாவே ஓடாதோ, அதுக்கு மட்டும் டிகேஎம்எஸ் பேக்கேஜ்ல பிரேக்ஸ் லைன்.


டெபியன்தாத்தா:

ஹெடர்ஸ் மெட்டாபேக்கேஜயும் டிகேஎம்எஸ் பேக்கேஜோட ரெக்கமெண்ட்ஸ்ல போட்டுடுங்க, டெபியன் பேரு ஒண்ணு, பைப் போட்டு உபுண்டு பேரு ஒண்ணு. டிபெண்ட்ஸ் வேணாம், சொந்தமா கர்னல் கம்பைல் பண்றவங்க சண்டைக்கு வருவாங்க.

நேரம் இருந்தா டிரைவர மெயின்லைனுக்கு அனுப்பவும் பாருங்க. இந்த மாதிரி கார்டுக்குன்னே காமெடின்னு ஒரு சப்சிஸ்டம் இருக்கு, பேரு நெஜமாவே அதான், ரொம்ப வருஷம் ஸ்டேஜிங்ல (இன்னும் தயாராகாத டிரைவர்கள கர்னல்ல வைக்குற இடம்) கிடந்துட்டு 5.13ல வெளிய வந்துச்சு. அதுக்குன்னு யூசர்லேண்டு லைப்ரரியும் தனியா இருக்கு. உள்ள போயிட்டா கிளாஸ்_கிரியேட்ட மாத்துறவங்களே உங்க டிரைவர்லயும் மாத்திக் குடுத்துடுவாங்க.


ரூட்பாண்டி:

மெயின்லைனுக்கு அனுப்பி ரிவ்யூ முடியறதுக்குள்ள அந்த கார்டே விக்கிறத நிறுத்தியிருப்பாங்க தாத்தா 😀 ஃபால்பேக் ஐடியா நல்லாருக்கு, ஒத்துக்குறேன். ஆனா செல்வா, டீமன் ரீஸ்டார்ட்ட நிறுத்துறதையும் எஸ்ஆர்சிவெர்ஷன் செக்கையும் 2.5.1லயே போட்டுடுங்க, மத்தது மெதுவா வரட்டும்.